சீட்டில் எழுதப்படும் பெயர்

(இலண்டனில் ஆற்றப்பட்ட உரையொன்றின் எழுத்து வடிவம்)



இலண்டன் மாநகரின் சைவக் கோயில்களில் அர்ச்சனைச் சீட்டு எழுதுமிடத்தில் வழக்கமாகக் கேட்கப்படுபவை இரண்டு: பெயர் என்ன, நட்சத்திரம் என்ன? 2009 மே மாதத்தில் வன்னியில் மகனைத் தொலைத்த தாயொருத்திக்கோ கேட்கப்படாத மூன்றாவது வினாவொன்றும் உண்டு. எழுதப்படவேண்டியது அர்ச்சனையா, மோட்ச அர்ச்சனையா? முன்னது வாழ்பவருக்குரியது, பின்னது மறைந்தவருக்குரியது. இரண்டுக்கும் நடுவே நிற்பவனுக்கெனச் சீட்டு எதுவும் இல்லை.

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் இந்நகரில் இறைவனைத் தேடிய வரலாறு நீண்டது. 1981இல் விம்பிள்டனில் கணபதிக்கும், 1986இல் ஹைகேற்றில் முருகனுக்கும் கோயில்கள் எழுந்தன. ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் கோயில் கொண்டிருப்பது முன்னாள் கிறித்தவ ஆலயக் கட்டடத்தில்; அவ்வீதி இன்றும் 'சப்பல் றோட்' என்றே வழங்குகிறது. ஊர்க் கந்தனை விட்டுவந்தவர்க்கு இவ்வூரில் இறைவன் செவிசாய்ப்பானா என்ற ஏக்கம் தொடக்கத்தில் பலருக்கு இருந்தது. தேவாரம் தலந்தோறும் சென்று பாடப்பட்டதல்லவா? எனினும் திருஞானசம்பந்தர் கடல் கடந்து ஈழம் வரவில்லை. இராமேச்சரத்தில் நின்றவாறே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்பது மரபு. தொலைவிலிருந்து தொழுதல் சைவத்திற்குப் புதிதன்று.

ஆகவே தொலைவு அத்தாயின் இடர் அன்று. மகன் எங்குள்ளான் என்பதை அறியாமையே இடர். யாழ்ப்பாணச் சைவ மரபில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நிகழும். பின்னர் ஆண்டுதோறும் இறந்த திதியில் திவசம். திதி தெரியாதவனுக்கு எந்நாளில் நீர் வார்ப்பது? உறவினர் சிலர் கிரியையை முடித்துவிடுமாறு நல்லெண்ணத்துடன் கூறுவர். அவளோ அதனைச் செய்தால் தன் கையாலேயே மகனைக் கொன்றதாகுமென அஞ்சுகிறாள். அவ்வச்சத்தை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர் அவளது நிலையில் ஒருநாளேனும் நின்று பார்த்தல் வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கத் தாயருக்கும் இதே தவிப்பு உண்டு: பூசை ஒப்புக்கொடுக்கும்போது உயிரோடிருப்பவனின் நலனுக்கென்பதா, ஆன்ம இளைப்பாற்றிக்கென்பதா?

ஆண்டுகள் செல்லச்செல்ல மன்றாட்டே மாறிவிடுகிறது. முதலில் 'அவனைக் கொண்டுவந்து தா' என்றவள், பின்னர் 'என்ன நடந்ததென்று சொல்லிவிடு' என்கிறாள். அதற்கும் பின்னர், 'எங்கிருந்தாலும் பசியில்லாமல் இருக்கட்டும்' என்பதே எஞ்சுகிறது. இறுதி வேண்டுதல் இருப்பவனுக்கும் பொருந்தும், இறந்தவனுக்கும் பொருந்தும். எந்தச் சாத்திரமும் கற்றுத்தராமல் அவளே கண்டடைந்த செபம் அது.

உயிர் அநாதி என்றும், உடல் நீங்கினும் அது பதியின் அருளுக்குப் புறம்பாவதில்லை என்றும் சைவ சித்தாந்தம் கூறும். அக்கூற்று ஆறுதல் தரும். ஆயினும் சீட்டில் எதை எழுதுவதென்று அது சொல்வதில்லை. அதனைச் சொல்லவேண்டிய கடப்பாடு இறைவனுக்குரியதன்று, அரசுக்குரியது. இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது; பிரார்த்தனை நீதிக்கு மாற்றீடு ஆகாது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயில் முன்றலில்தான் என்பது கருதத்தக்கது. வழிபாடும் வினாவும் ஒரே வாசலில் நின்றன. ஆர்ஜென்ரீனாவில் 1977 முதல் பிள்ளைகளைத் தேடி மே சதுக்கத்தில் கூடிய அன்னையரில் ஒரு பிரிவினர், எலும்புகளைத் தோண்டியெடுத்து ஒப்படைப்பதையே எதிர்த்தனர். உயிரோடு கொண்டுசென்றோர் முதலில் பதில் கூறட்டும் என்பது அவர்தம் நிலைப்பாடு.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காத்திருந்த பெற்றோருள் பலர் விடை அறியாமலே காலமாகிவிட்டனர். இலண்டனிலும் அத்தாயர் முதுமையடைகின்றனர். இனிச் சீட்டெழுதும் வரிசையில் நிற்கப்போகிறவர்கள் இங்கேயே பிறந்த தம்பி தங்கையர். அண்ணனின் முகத்தை அவர்கள் ஒளிப்படத்திலேயே கண்டிருக்கின்றனர்; அவனது நட்சத்திரத்தை அறியார். நட்சத்திரம் அறியாதவிடத்துச் சுவாமியின் பெயருக்கே அர்ச்சனை செய்விப்பது கோயில் வழக்கு. அதனை ஏற்க மனமில்லாத தாயர், மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவாமிப் படத்தின் பின்னே செருகி வைக்கின்றனர். எந்த அர்ச்சனை என்பதை மட்டும் அத்தாளில் அவர்கள் எழுதுவதில்லை.