புற்றுநோயாளரின் இருதயம்: பெருந்தொற்று புகட்டிய பாடம்



ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து வேறோர் உறுப்பை வருத்துவதுண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பு அத்தகையது. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

மார்புப் புற்றுநோய்க்கும் இரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கும் டொக்சோரூபிசின் என்னும் மருந்தை ஏற்றுகின்றார்கள். அது புற்றுநோய்க் கலங்களை அழிக்கும். ஆயின், மொத்த அளவு கூடக் கூட இருதயத் தசையையும் நலியச் செய்யலாம். சிலரிடத்தில் இக்கேடு பல ஆண்டுகள் சென்றே வெளிப்படும். ட்ராஸ்டுசுமாப் என்னும் மருந்தும் இருதயத்தின் வலுவைக் குறைக்கக்கூடும். காலத்தோடு கண்டு, வைத்தியர் அதனை நிறுத்திவைத்தால், இருதயம் பெரும்பாலும் தேறிவிடும். இதற்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவில் 'எக்கோ' பரிசோதனை செய்வது வழக்கம்.

2020 மார்ச் 11 இல் உலக சுகாதார நிறுவனம் கொவிட் 19 ஐப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20 இல் எமது தீவெங்கும் ஊரடங்கு வந்தது. பல நாடுகளில் அவசரமற்ற எக்கோ பரிசோதனைகள் பிற்போடப்பட்டன. புற்றுநோயாளரைத் தொற்று கடுமையாகத் தாக்குமாதலால் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அச்சமோ நியாயத்தின் எல்லையைக் கடந்தது. இத்தாலியில் அம்மாதத்தின் ஒரு வாரத்தில் மாரடைப்பினால் வைத்தியசாலை சேர்ந்தோர் தொகை, முந்திய ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட, ஏறக்குறையப் பாதியாயிற்று. சேர்ந்தோருள் 'ஸ்டெமி' (STEMI) என்னும் மாரடைப்பு வகையினரிடையே இறந்தோரோ நூற்றுக்கு 4.1 இலிருந்து 13.7 ஆக உயர்ந்தனர். நோய் குறையவில்லை, நோயாளர் வாசலுக்கு வர அஞ்சினர்.

மூச்சிளைப்பு தொற்றினாலும் வரும்; இருதயம் தளர்ந்தாலும் வரும். களைப்பை மருந்தின் மேற் போட்டுவிடுவதும் எளிது. ஆகவே வீட்டிலிருந்தபடி ஊகித்தல் ஆகாது. படுத்தால் மூச்சு முட்டுதல், கால் வீங்குதல், சில நாட்களுள் உடல் நிறை கூடுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். நெஞ்சு நோவெனின் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலும் தவறு.

வாலிபர்களே! 2023 மே 5 இல் உலக சுகாதார நிறுவனம் அந்த அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. இன்னொரு தொற்று வராதென்று யார் சொல்ல வல்லார்? உங்கள் அயலிலுள்ள புற்றுநோயாளர் யாவர், அவர்களது அடுத்த பரிசோதனை என்று என இப்பொழுதே அறிந்து வையுங்கள். கதவுகள் அடைபடும் நாளில் நிறை பார்க்கும் தராசும், ஒரு தொலைபேசி அழைப்பும், வைத்தியசாலைக்கு ஒரு வாகனமும் உங்களால் கிடைக்கட்டும். அச்சத்தால் ஓர் உயிர் வீட்டுக்குள் அணையாது காப்பதும் தொண்டேயாகும்.