“முடியாது” என்பதை எழுத்தில் வாங்குங்கள்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமாருக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசப் பல மேடைகள் இருக்கின்றன. இன்று நான் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். லயத்தை விட்டுத் தனிவீடு கட்டப் புறப்படும் குடும்பங்கள் தோட்ட ஆபிசைத் தாண்டியதும் பிரதேச சபையின் கட்டிட அனுமதியில் தடைப்பட்டு நிற்கின்றன.

நீண்ட காலம் சபை நமக்குத் தூரத்து உறவாகத்தான் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. சபையிடம் பாதையும் தண்ணீரும் கேட்கும் நாம், சபையின் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கென்று பேசப்பட்டு வந்தது 7 பேர்ச்சஸ் காணி. அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. தாளில் பார்த்தால் தாராளம். மலையில் போய்ப் பார்த்தால் பின்னால் மண்மேடு, முன்னால் பாதை, பக்கத்தில் கான். பின்பக்கம் பத்து அடி வெளி விட வேண்டும் என்று விதி கேட்பதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது ஏழு அடி. “முடியாது” என்கிறார் உத்தியோகத்தர். நம்மவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருகிறார். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று அனுமதியில்லாமலே அத்திவாரம் போடுகிறார்.

அங்கேதான் ஆபத்து. அனுமதியில்லாமல் கட்டினால் நீதவான் நீதிமன்றம் வரை வழக்குப் போகும். இடிக்கச் சொல்லும் உத்தரவும் வரலாம். ஈ.பி.எஃப் காசும் அடகு வைத்த நகையும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, மறுப்பை எழுத்தில் வாங்குவது. வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு மேன்முறையீடு செய்ய முடியாது. எந்த விதி, எத்தனை அடி குறைவு என்று கடிதத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, எந்தச் சட்டத்தின் கீழ் மறுத்தார்கள் என்று பாருங்கள். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் மேன்முறையீட்டுக்கென்றே ஒரு நியாய சபை உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் சட்டப்படி மறுத்திருந்தால் வழி வேறு. யாருக்கு, எத்தனை நாளுக்குள் மேன்முறையிட வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். நாள் தவறினால் நியாயம் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, என்ன எழுதுவது? “நாங்கள் ஏழைகள், ஐயா இரக்கம் காட்ட வேண்டும்” என்று எழுதாதீர்கள். நாம் கேட்பது தயவு அல்ல. மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். இந்த இடைஞ்சல் காணியின் அமைப்பால் வந்தது, நாங்கள் உண்டாக்கியதல்ல. கேட்கும் தளர்வு மூன்றே அடி, அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம். இதனால் அயல் வீட்டுக்கு வெளிச்சமோ, கானுக்குத் தண்ணீர் ஓட்டமோ, பாதையோ தடைப்படாது. அளவு குறித்த வரைபடத்தையும் படங்களையும் அயலவரின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் காணி யாருடையது என்ற கேள்வி வரும். கையில் உறுதி இல்லாதவர்கள் காணிக்குரிய நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தை எடுத்தாக வேண்டும். இங்கேதான் தனி ஆள் அலைந்து களைத்துப் போகிறார். தோட்டக் கமிட்டி அவரோடு சேர்ந்து போக வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தளர்வு கேட்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் இடத்தை ஆபத்தானது என்று சொன்னால், நாம் கேட்க வேண்டியது வேறு காணி. மூன்றடி வெளியைப் பற்றி வாதாடலாம். மலையோடு வாதாட முடியாது.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கோப்புத் திறக்க வேண்டும். யார் விண்ணப்பித்தார், எப்போது மறுத்தார்கள், என்ன காரணம், மேன்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது என்று எழுதி வையுங்கள். படித்த நம் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். ஒரே காரணத்தால் பத்து வீடுகள் மறுக்கப்பட்டிருந்தால், அது பத்துக் குடும்பங்களின் தனிக் கஷ்டம் அல்ல. விதியை மாற்றச் சொல்லிச் சங்கம் சபையில் எழுப்ப வேண்டிய கோரிக்கை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கோப்பையும் கொண்டு வாருங்கள்.