பாத்ரூம் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பு, உள்கடன், தணிக்கை என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். என்னைத் தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பாத்ரூம் மூலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த மூலை கறுத்துப் போய்த்தான் இருக்கும்.

நான் 14 வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். கலவை கொடுப்பேன், கல் தூக்குவேன், டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் இடுக்கில் ஒயிட் சிமெண்ட் பூசித் துடைப்பேன். கரண்டி மட்டும் என் கைக்கு வரவே இல்லை. கரண்டி பிடித்தால் கொத்தனார், கொத்தனாருக்கு வேறு கூலி. முட்டி வலி வந்த பிறகு, குழுவில் உள்கடன் வாங்கிச் சாமான் வாங்கி, சின்னச் சின்ன பாத்ரூம் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். சிலிகான் போடுவது அதில் முக்கியமான வேலை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். வரிசை வீடு, இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். ஒரு பக்கம் அக்காவின் பாத்ரூம், மறுபக்கம் தங்கச்சியின் படுக்கும் அறை. இரண்டு பேரும் ஒரே குழு. தங்கச்சி வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து, பிள்ளைகள் படிக்கிற புத்தகம் வரைக்கும் நனைந்து போச்சு. "உன் வீட்டுத் தண்ணிதான் அக்கா" என்றாள் இவள். "என் பாத்ரூம்ல ஒரு சொட்டு ஒழுகலை" என்றாள் அவள். பேச்சு நின்றது. பிறகு கூட்டத்துக்கு வருவதும் நின்றது. இரண்டு பேர் தவணையும் நின்றால் குழுவின் வங்கிக் கடன் என்னாகும்னு உங்களுக்கே தெரியும். வந்து பார்த்த கொத்தனார், தரையை முழுசா உடைக்கணும், 35,000 ஆகும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, சில வீட்டுக்கு அதுதான் வழி. ஆனால் உடைக்கும் முன்னால் தண்ணி எங்கே போகுதுன்னு பார்க்கணும் இல்லையா?

பார்ப்பதற்குச் செலவே இல்லை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேலே டேங்கில் தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். காலையில் மட்டம் அப்படியே இருந்தது. ஆக, வரும் பைப் ஒழுகவில்லை. அடுத்து, தரையில் தண்ணி போகிற நாணி டிராப்பைத் துணி சுற்றி இறுக்கி அடைத்துவிட்டு, ஒரு அங்குலத்துக்குத் தண்ணி நிறுத்தி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்து விட்டேன். நாலு மணி நேரத்தில் மட்டம் இறங்கியது. தண்ணியை அள்ளிவிட்டுப் பார்த்தால், சுவர் டைல்ஸும் தரை டைல்ஸும் சேருகிற மூலையில், மயிர் கனத்துக்கு ஒரு வெடிப்பு நெடுக நீலமாக ஓடியிருக்கிறது. மறுநாள் தங்கச்சி வீட்டுச் சுவர் அடியிலும் லேசாக நீலம். அக்கா ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஏன் வெடிக்கிறது? தரை வேறு, சுவர் வேறு. வெயிலுக்கும் குளிருக்கும் இரண்டும் தனித்தனியாக மயிரிழை அசையும். அந்த மூலையில் ஒயிட் சிமெண்ட் போட்டால் அது கல் மாதிரி இறுகி நிற்கும், அசைந்தால் உடையும். சிலிகான் ரப்பர் மாதிரி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். மூலைக்கு அதுதான் சரி. அதே மாதிரி வாஷ்பேசின் சுவரைத் தொடுகிற இடம், கமோடின் அடி, குழாய்த் தட்டுக்குப் பின்னால் உள்ள சந்து. தரை டைல்ஸுக்கு நடுவில் இருக்கிற இடுக்குக்கு கிரௌட்தான் போடணும், சிலிகான் இல்லை. அக்கா வீட்டிலும் இடுக்கெல்லாம் புதுசா கிரௌட் போட்டு, அது காய்ந்த பிறகுதான் மூலைக்கு வந்தோம்.

இனி வேலை. பத்தில் எட்டுப் பங்கு சுத்தம் செய்வதுதான். பழையது ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது. பழைய சிலிகான் மேல் புது சிலிகான் ஒட்டவே ஒட்டாது, ஒரு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும். மேலே இன்னொரு கோடு இழுத்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஏமாறாதீங்க. கட்டர் பிளேடால் இரண்டு ஓரமும் கீறி, பட்டி பிளேடால் நெம்பி எடுக்கணும். பிளேடை எப்பவும் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளுங்க. கறுப்புப் பூஞ்சை இருந்தால் ப்ளீச்சிங் பவுடர் கரைசல் தடவிக் கழுவலாம். ஆனால் அன்றைக்கு டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை அந்தப் பக்கமே கொண்டு வராதீங்க. ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் விஷப் புகை வரும், மூடின பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் காயணும். கைக்குக் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் இடுக்குக்குள் ஈரம் இருக்கும். ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி விடுங்க. கடைசியாக ஸ்பிரிட் நனைத்த துணியால் சோப்புப் பிசுக்கைத் துடைக்கணும்.

கடையில் 'சிலிகான் குடுங்க' என்று மட்டும் கேட்காதீங்க. பாத்ரூமுக்கென்று பூஞ்சை பிடிக்காத வகை தனியாக இருக்கிறது, 'சானிட்டரி' என்று டியூபில் போட்டிருக்கும். போடும்போது வினிகர் வாடை வருகிற வகை டைல்ஸுக்கும் பீங்கானுக்கும் பரவாயில்லை. கண்ணாடி முதுகையும் மார்பிளையும் அது கெடுக்கும், அங்கே 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்கணும். காலாவதித் தேதியைப் பாருங்க, தேதி தாண்டினது இறுகாமல் பிசுபிசுன்னே கிடக்கும். அஞ்சுக்கு ஏழு அடி பாத்ரூமில் கதவைக் கழித்தால் சுற்று 22 அடிக்குள், அதாவது ஆறரை மீட்டர். 280 மில்லி டியூப் ஒன்று தாராளமாகப் போதும். அளந்துகொண்டு போனால் மூன்று டியூபை யாரும் தலையில் கட்ட முடியாது.

மூலைக்கு இரண்டு பக்கமும், ஒரு கோதுமை மணி அளவு இடம் விட்டு மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டுங்க. அனுபவம் வந்தால் டேப் தேவையில்லை என்பார்கள். நான் இன்னைக்கும் ஒட்டுகிறேன். மூக்கைச் சாய்வாக, சின்ன ஓட்டையாக வெட்டுங்க. கன்னை ஒரே அழுத்தத்தில் அழுத்தி, நிற்காமல் நகர்த்துங்க. நிறுத்தும்போது பின்னால் இருக்கிற தகட்டை அமுக்கி விட்டால் ஒழுகாது. ஒரு சுவர் முடிந்ததும் சோப்புத் தண்ணியில் விரலை நனைத்து ஒரே இழுப்பு. மூன்று தடவை நான்கு தடவை தடவாதீங்க, தடவத் தடவ அசிங்கமாகும், கோலத்தை அழித்து அழித்துப் போட்ட மாதிரி. மேலே ஆடை கட்டும் முன்னால், உடனே டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துடணும். பத்து நிமிஷம் விட்டால் டேப்போடு ஓரமும் பிய்ந்து வரும். அப்புறம் அடுத்த சுவர். கையில் ஒட்டினதைத் தண்ணியில் கழுவப் பார்க்காதீங்க. முதலில் காய்ந்த துணியில் துடைங்க, பிறகு சோப்பு.

24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. காய வைக்க ஒரு நாள், இதற்கு ஒரு நாள், ஆக இரண்டு நாள் பாத்ரூம் கிடையாது. அக்கா வீட்டில் வயசுக்கு வந்த பொண்ணு, நடக்க முடியாத மாமியார். எங்கே போவார்கள்? நான் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் சுவர் காயணும்னா அவர்களுக்கு இரண்டு நாள் உன் பாத்ரூமை விடணும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "மாமியாருக்கு ஸ்டூல் போட்டு வைக்கிறேன், படி உசரம்" என்றாள்.

சுவர் காய ஆறு வாரம் ஆச்சு. அதுவரை பெயிண்ட் அடிக்க விடவில்லை, அவசரப்பட்டு அடித்தால் மறுபடி கொப்பளிக்கும். அந்த மாதக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்கள். தவணை கட்டினார்கள்.

ஒரு பாத்ரூம் மூலைக்கு நான் 600 ரூபாய் கூலி வாங்குகிறேன், சாமான் தனி. 'பொம்பளைதானே, 300 வாங்கிக்க' என்கிறார்கள். நான் குறைப்பதில்லை. நீங்கள் கற்றுக்கொண்டு வேலைக்குப் போனாலும் குறைக்காதீங்க, ஒருத்தி குறைத்தால் எல்லோர் கூலியும் குறையும். சொந்த வீட்டுக்கு என்றால் நீங்களே செய்துகொள்ளுங்க, என்னைக் கூப்பிட வேண்டாம்.

என்னிடம் இரண்டு கன் இருக்கிறது. ஒன்றைக் கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். நோட்டில் கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் துடைத்துக் கொடுங்க, காய்ந்து போனால் சுரண்டுவது நான்தான்.