ஒரே ஒரு வெப்சைட் மட்டும் திறக்கவில்லையா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. யூடியூப் வருகிறது, செய்தித்தாள் வருகிறது, மெயில் வருகிறது. ஒரே ஒரு வெப்சைட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. அது பெரும்பாலும் அன்றைக்கு அவசரமாக வேண்டிய சைட்டாகத்தான் இருக்கும். பேங்க், பென்ஷன், கரண்ட் பில், பேரப்பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் என்று ஏதோ ஒன்று. கடைசித் தேதியும் அன்றைக்குத்தான். பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி, கிடைத்த நம்பருக்குப் போன் போடுகிறோம். சேமிப்புப் பணம் போகும் வழி பல பேருக்கு அங்கேதான் திறக்கிறது. அதனால், அந்தப் போனுக்கு முன்னால் நீங்களே செய்யக்கூடிய சோதனைகளை இன்று சொல்கிறேன்.

பேங்கில் மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து புரட்ட மாட்டோம். வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 54 என்பதை யாரோ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று சந்தேகம் வரும். வித்தியாசமே வழி காட்டும். இங்கேயும் அப்படித்தான். மற்றதெல்லாம் திறக்கிறது என்றால் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது. எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்து சமையலறைக் குழாயில் மட்டும் வரவில்லை என்றால், மோட்டாரைக் கழற்ற யாரையும் கூப்பிட மாட்டோம் அல்லவா? இதற்காக விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும் அதே போன்ற வேலைதான்.

முதல் சோதனை: பழுது யார் பக்கம்?

உங்கள் செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம் கார்டின் டேட்டாவில் அதே சைட்டைத் திறந்து பாருங்கள். பிறகு வைஃபையைப் போட்டு மறுபடியும் பாருங்கள். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, இரண்டிலும் திறக்கவில்லை. பழுது பெரும்பாலும் அந்த சைட்டின் பக்கம். 500, 502, 503 என்ற எண்கள் திரையில் வந்தால் அவர்களுடைய சர்வர் திணறுகிறது என்று பொருள். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்திருக்கும்.

இரண்டு, சிம் டேட்டாவில் திறக்கிறது, வைஃபையில் திறக்கவில்லை. பழுது மோடத்திலோ, பிராட்பேண்ட் கம்பெனியிலோ இருக்கிறது.

மூன்று, போனில் இரண்டு வழியிலும் திறக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. பழுது கம்ப்யூட்டரில்.

ஒரு குறிப்பு: சிம்மும் பிராட்பேண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் இந்தச் சோதனை தெளிவாக விடை சொல்லாது. வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் முகவரி. பல வருடம் முன்பு புக்மார்க் செய்த பக்கம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம். முக்கியமாக வங்கிகள். எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும். ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம்தான் அதைப் பதிவு செய்து தருகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்க வேண்டும். புள்ளி இல்லாமல் வேறு பெயரோடு ஒட்டியிருந்தால் அது யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரண 'டாட் இன்' முகவரி. 'டாட் இன்' முடிந்தவுடன் சாய்கோடு வரலாம், இன்னொரு புள்ளி வந்தால் சந்தேகப்படுங்கள். புதிய முகவரியை நீங்களே கையால் டைப் செய்து, பிறகு புக்மார்க்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தேதியும் நேரமும். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தால், திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு சைட்டும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் காலாவதி ஆனது போலத் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் தினமும் தேதி பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சிஆர் 2032 என்ற பேட்டரி. விலை குறைவு, மாற்றுவது எளிது. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், பேங்க் சைட்டில் அதைத் தாண்டி உள்ளே போகவே கூடாது.

மூன்றாவது, கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். அதில் சைட் வந்தால், பிரவுசர் சேர்த்து வைத்திருக்கும் பழைய குக்கீயோ, ஏதாவது எக்ஸ்டென்ஷனோ தடுக்கிறது. அந்த ஒரு சைட்டின் குக்கீகளை மட்டும் அழித்தால் போதும்.

நான்காவது, விபிஎன். பிள்ளைகள் ஏதோ பார்ப்பதற்காகப் போட்டுவிட்டு அணைக்காமல் போயிருப்பார்கள். அது ஓடும்போது நாம் வெளிநாட்டில் இருப்பது போலத் தெரியும். நம் அரசு சைட்டுகளில் சில, வெளிநாட்டிலிருந்து வரும் இணைப்பை ஏற்பதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்குள்ள சில சைட்டுகள் திறக்காததும் இதனால்தான்.

ஐந்தாவது, வயது. விண்டோஸ் 7 உள்ள கம்ப்யூட்டருக்கு 2023 பிப்ரவரி முதல் புதிய குரோம் வருவதில்லை. பழைய பிரவுசரைப் பல சைட்டுகள் இப்போது ஏற்பதில்லை. இது ஒரு சைட்டில் தொடங்கி மற்றவற்றுக்கும் பரவும்.

பழுது இணைப்பில் என்றால்?

கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். சைட்டின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருவது டிஎன்எஸ். டெலிபோன் டைரக்டரி மாதிரி. ஒரு சைட் தன் எண்ணை மாற்றி, நம் டைரக்டரியில் பழைய எண்ணே இருந்தால் அந்த ஒரு சைட் மட்டும் திறக்காது. மோடத்தையும் கம்ப்யூட்டரையும் அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். பழைய எண் மறந்துபோகும். அதற்கும் மசியவில்லை என்றால், நெட்வொர்க் செட்டிங்கில் இப்போதுள்ளதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, டிஎன்எஸ் என்ற இடத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள்.

சில சமயம் யார் வீட்டிலும் பழுது இருக்காது. சைட்டே தடுக்கப்பட்டிருக்கும். 2012 ஏப்ரலில் '3' போன்ற புதுப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்காலத் தடை கொடுத்தது. இணையக் கம்பெனிகள் சில, விமியோ போன்ற முழு சைட்டுகளையே மூடிவிட்டன. தடை அந்தக் குறிப்பிட்ட பக்கங்களுக்கு மட்டுமே, முழு சைட்டுக்கு அல்ல என்று ஜூன் 22 அன்று நீதிமன்றம் விளக்க வேண்டியதாயிற்று. 2022-இல் இன்னொன்று. நம்மில் பலர் படம் பார்க்கும் விஎல்சி பிளேயரின் சைட் பிப்ரவரி முதல் நாட்டின் பல இணைப்புகளில் திறக்கவில்லை. அதை நடத்தும் பிரான்ஸ் நாட்டு அமைப்பு அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் எத்தனை வீடுகளில் மோடத்தைக் கழற்றி மாட்டியிருப்பார்கள்! அசல் சைட் திறக்காதபோது, தேடலில் வரும் வேறு சைட்டிலிருந்து இறக்கிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

கடைசியாக, முக்கியமானது

கூகுளில் மேலே வரும் கஸ்டமர் கேர் நம்பரை நம்பாதீர்கள். மோசடிக்காரர்களும் விளம்பரம் கொடுக்கிறார்கள். பேங்க் நம்பர் வேண்டுமா? பாஸ்புக்கிலும் ஏடிஎம் கார்டின் பின்புறமும் அச்சிட்டிருக்கிறது. 'சைட்டைச் சரி செய்து தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள், டீம்வியூவர் போடுங்கள்' என்று போனில் யார் சொன்னாலும் உடனே வையுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுப்பது. பேங்கில் வேலை பார்ப்பவர் யாரும் ஓடிபி கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அங்கே நிமிடங்கள்தான் கணக்கு.

பென்ஷன் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க சைட் திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். பேங்க் கிளையில் நேரில் கொடுக்கலாம். தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே டிஜிட்டல் சான்றிதழ் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது.

தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யாராவது 'சைட் திறக்கவில்லை' என்று சொன்னால், தயவு செய்து ஐந்து நிமிடம் ஒதுக்கி உங்கள் போனில் அதைத் திறந்து பாருங்கள். அவர்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் போடுவதை அந்த ஐந்து நிமிடம் தடுக்கும். நம் சித்தையன்கோட்டையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட யாரும் யோசிக்க வேண்டியதில்லை.