ஜனவரியில் பிறந்த ஆட்டக்காரர்கள்

1980களின் தொடக்கம். கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் இளைஞர் ஐஸ் ஹாக்கி ஆட்டம். உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லி மனைவி பவுலாவோடு பார்க்கப் போயிருந்தார். ஆட்டம் சுவைக்கவில்லையோ என்னவோ, பவுலா கையிலிருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டினார். பிறந்த தேதிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்றே திரும்பத் திரும்ப வந்தன. கணவரிடம் காட்டினார்.

ஜாதக விசேஷம் ஒன்றுமில்லை. அங்கே வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1தான் கணக்கு. ஜனவரி 2-இல் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பர் 30-இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஒரு வருஷம் என்றால் இரண்டு அங்குல உயரம், கூடவே பலம். பயிற்சியாளர் கண்ணில் முதலில் படுபவன் பெரியவன். நல்ல பயிற்சி, நிறைய ஆட்டம் எல்லாம் அவனுக்கே. நாலைந்து வருஷத்தில் நிஜமாகவே கெட்டிக்காரனாகிவிடுகிறான்! சின்னவன் அதற்குள் மட்டையை மூலையில் போட்டிருப்பான். பாவம், டிசம்பரில் பிறந்தது அவன் குற்றமா?

இந்தக் குறையைச் சரிசெய்ய, இங்கிலாந்தில் சில கால்பந்து அகாடமிகள் வயதை ஒதுக்கிவிட்டு, உடல் வளர்ச்சி பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டன. சிறியவர்களுக்குத் திறமை காட்ட இடம் கிடைத்தது. முன்பு இடித்துத் தள்ளியே ஜெயித்த பெரிய பையன்கள், தங்கள் அளவு ஆட்களோடு மோதியதால், பந்தை வேகமாக அடுத்தவனுக்குத் தட்டிவிட யோசிக்க வேண்டியதாயிற்று.