குறைத்த அங்குலங்கள் எங்கே போகின்றன?
(அடுக்கத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "இருபது நிமிஷம் பேசு, ஸ்லைடு போடாதே, மலையில கரண்டை நம்ப முடியாது." என் தொழில் கோயம்புத்தூரில் களைவெட்டும் இயந்திரங்களை வடிவமைப்பது. ஆனால் இன்று பேசப்போவது துப்பாக்கியைப் பற்றி. பேராசிரியர்கள் திடுக்கிட வேண்டாம். ஒரு பொருளைக் குட்டையாக்கினால் என்னென்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தவிர, இந்த ஊரில் அது வெறும் உதாரணமும் இல்லை.

அடுக்கத்தில் காபி, ஆரஞ்சு, வாழை, மிளகு என்று எதைப் போட்டாலும் ராத்திரி பங்கு கேட்க ஆள் வருகிறது. பன்றி வருகிறது, காட்டு மாடு வருகிறது. பழனிமலைத் தோட்டங்களில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் பரம்பரையாக உண்டு. அந்தப் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஏறக்குறைய நாலடி நீளம். உண்ணிப்புதருக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். குழல் ஒரு கொடியில் மாட்டும், கட்டை இன்னொரு கொடியில் மாட்டும். ஜீப்பில் வைத்தால் பக்கத்தில் இருப்பவரின் முட்டியில் இடிக்கும். ஆகவே என் தாய்மாமா கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்: "ஏப்பா, வெளிநாட்டுல ஒண்ணரை முழத்துல பன்னெண்டு போர் துப்பாக்கி வந்திருச்சாமே, பதினாலு தோட்டா புடிக்குமாமே? நீ மெஷின் படிச்சவன்தானே, அது நமக்குத் தோதுப்படுமா?"

அந்தக் கேள்விக்கு நான் யோசித்த பதில்தான் இந்த உரை.

மாமா சொன்ன மாதிரித் துப்பாக்கிக்குப் புல்பப் என்று பெயர். சாதாரணத் துப்பாக்கியில் தோள்கட்டை என்பது ஓர் அடிக்கு மேல் வெறும் மரம். அங்கே எந்த வேலையும் நடப்பதில்லை. அந்த வெற்றிடத்துக்குள் பூட்டையும் தோட்டா அறையையும் தள்ளிவிட்டு, டிரிக்கரை அவற்றுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டால், குழலில் ஓர் அங்குலம்கூட வெட்டாமல் மொத்த நீளம் ஓர் அடி குறைந்துவிடும். யோசனை புதியதல்ல. இங்கிலாந்தில் 1901-லேயே தோர்னிகிராஃப்ட் கார்பைன் என்று ஒன்று இந்த முறையில் வந்தது. பம்ப் துப்பாக்கிக்கு இதைச் செய்தவர்களில் அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் கெல்-டெக் கேஎஸ்ஜி, 2011-இல் வந்தது. குழல் 18.5 அங்குலம், மொத்த நீளம் 26.1 அங்குலம். அதே அளவு குழலுள்ள சாதாரண பம்ப் துப்பாக்கி 38, 39 அங்குலம் வரும். குழலுக்கு அடியில் பக்கம் பக்கமாக இரண்டு தோட்டாக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஏழு. காலித் தோட்டா பக்கவாட்டில் பறக்காமல் கீழே விழும்.

மாணவர்களுக்காக ஒரு வரி. பன்னிரண்டு போர் என்றால் விட்டம் 12 என்று அர்த்தமில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். வைவாவில் கேட்கமாட்டார்கள், ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

நான் டெக்சாஸில் மூன்று வருஷம் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்தவர் ஒருவர் சுடுதளத்துக்குக் கூட்டிப்போவார். அவரிடம் இந்த வகைத் துப்பாக்கி இருந்தது. நான் இடதுகைக்காரன். தோட்டா கீழே விழுவதால் எந்தத் தோளில் வைத்தாலும் ஒன்றுதான் என்பது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பிரிட்டிஷ் ராணுவம் 1985-இல் எடுத்துக்கொண்ட புல்பப் ரைபிளை இடது தோளில் வைத்துச் சுட முடியாது. காலித் தோட்டா நேரே முகத்துக்கு வரும். அந்தச் சிக்கலை இங்கே நன்றாகவே தீர்த்திருக்கிறார்கள். எடை தோளுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒரே கையில் தூக்கிப் பிடிப்பதும் சுலபம். இதுவரை எல்லாம் லாபக் கணக்கு.

இனி செலவுக் கணக்குக்கு வருவோம். ஒற்றைக் கையில் பிடிக்கலாம் என்பது புல்பப்பின் பெரிய வரவு. ஆனால் பம்ப் துப்பாக்கி என்பதே இரண்டு கை இயந்திரம். முன்கைப்பிடியைப் பின்னால் முழுக்க இழுத்தால் காலித் தோட்டா விழும், முன்னால் முழுக்கத் தள்ளினால் புதுத் தோட்டா ஏறும். பாதியில் விட்டால் சிக்கிக்கொள்ளும். ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. அதாவது ஒரு யோசனை கொடுத்த வரத்தை இன்னொரு யோசனை பிடுங்கிக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனைதான்.

அடுத்தது, அந்த முன்கை இருக்கும் இடம். துப்பாக்கி குட்டையாகும்போது முன்கைப்பிடிக்கும் குழல் வாய்க்கும் உள்ள தூரமும் குறைகிறது. பதற்றத்தில் வேகமாக முன்னால் தள்ளும் கை எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். கை வழுக்காமலிருக்கப் பலர் அங்கே ஒரு குத்துப்பிடியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கியவர் தன் காசில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், டிசைன் டேபிளில் ஏதோ பாக்கி இருந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

காதும் சும்மா தப்பவில்லை. குழல் வாய் முகத்துக்கு ஓர் அடி கிட்டே வந்துவிட்டது. 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் ஒரே தடவையிலேயே காதைக் கெடுக்கலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. பன்னிரண்டு போர் அதை எளிதாகத் தாண்டும். சுடுதளத்தில் காதுமூடி உண்டு. காவல் பரணில் யார் காதுமூடியோடு உட்கார்ந்திருப்பார்? பன்றி வருவதே காதில் விழுந்துதானே தெரிகிறது!

டிரிக்கர் முன்னால், பூட்டு பின்னால் என்பதால் இரண்டையும் ஒரு நீளமான இணைப்புக் கம்பி சேர்க்கிறது. அந்தக் கம்பியின் வளைவும் உரசலும் விரலில் தெரியும். இது சின்ன விஷயம். பழகிவிடும்.

பழகாத விஷயம் ஒன்று உண்டு. என் கணக்கில் அதுதான் பெரிது. என் மாமா ஐந்தடி இரண்டு அங்குலம். அவருடைய துப்பாக்கியின் கட்டை அவருக்கு நீளமாக இருந்தது. என்ன செய்தார்? தச்சரைக் கூப்பிட்டு ஒன்றரை அங்குலம் அறுத்து, அடியில் டயர் ரப்பர் துண்டு ஒன்றை ஆணி வைத்து அடித்துக்கொண்டார். கதை முடிந்தது. புல்பப்பில் அந்தக் கட்டைக்குள்தான் பூட்டு ஓடுகிறது. அறுக்க இடமே இல்லை. தொழிற்சாலையில் யாருடைய கை நீளத்தை மனதில் வைத்து வரைந்தார்களோ அந்தக் கை நீளம்தான் உலகத்துக்கே. நாம் "வெறும் மரம், வேலை செய்யாத இடம்" என்று சொன்னோமே, அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தை அதுதான் வாங்கிக்கொண்டிருந்தது.

எடையையும் பார்த்துவிடுவோம். காலியாக 3.1 கிலோ. ஒரு தோட்டா சுமார் 45 கிராம் என்றால் பதினான்கு தோட்டா 600 கிராமுக்கு மேல். துப்பாக்கியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுடச் சுடக் கரைந்துகொண்டே போகும். முதல் தோட்டாவுக்கு இருந்த எடையும் சமநிலையும் கடைசித் தோட்டாவுக்கு இருக்காது. உந்தம் மாறாவிட்டால் பின்னுதையின் ஆற்றல் எடைக்கு எதிர்விகிதம். முதல் வருஷப் பாடம்தான். கடைசித் தோட்டா தோளில் நன்றாகவே உதைக்கும்.

ஆனால் பதினான்கு தோட்டா யாருக்கு வேண்டும்? தோட்டக்காரருக்கு வேண்டியது துப்பாக்கி காலியா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரிவது. விடியற்காலையில் பரணிலிருந்து இறங்கி, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு டீ குடிக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் வீடு. இரட்டைக் குழாய்த் துப்பாக்கியில் இடது குழாய், வலது குழாய், குழலின் அறை என்று மூன்று இடம் பார்க்க வேண்டும். எந்தக் குழாய் ஊட்ட வேண்டும் என்பதற்கு ஒரு நெம்பு. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இது ரொம்ப அதிகம். பழைய ஒடிக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடித்தால் குழல் திறந்துகொள்ளும். எதிர்த்திண்ணையில் இருக்கும் பாட்டிக்குக்கூட அது காலி என்று தெரியும். மடித்தபடியே தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் வெடிக்கவே வழியில்லை. பாதுகாப்பை இப்படிப் பத்தடி தூரத்திலிருந்து கண்ணுக்குக் காட்டுகிற பொருட்கள் அதிகம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பம்ப் துப்பாக்கியில் குழலுக்குப் பின்னால் பூட்டு ஓட ஒரு பெட்டி வேண்டும். ஒடிக்கும் துப்பாக்கிக்கு அது தேவையில்லை. ஆகவே அதே குழல், அதே கட்டை வைத்தால் அது பம்ப்பைவிட மூன்று நான்கு அங்குலம் குட்டை. தவிர, குழலையும் கட்டையையும் ஒரு நிமிஷத்தில் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொள்ளலாம். ஜீப்பில் முட்டி தப்பித்தது. புதருக்குள் புல்பப்தான் குட்டை, மறுக்கவில்லை. 20 அங்குலக் குழலை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் எட்டு ஒன்பது அங்குலம் இருக்கும். அந்த எட்டு அங்குலத்துக்காகக் காதையும், விரலையும், மாமாவின் ஐந்தடி இரண்டையும் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. நான் கொடுக்கமாட்டேன்.

அது ஏன் 20 அங்குலம் என்று யாராவது கேட்பீர்கள். அளவுகளை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அமெரிக்காவில் 1934-ஆம் வருஷச் சட்டப்படி ஷாட்கன்னுக்குக் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறைந்தால் தனி வகை, தனிப் பதிவு. இப்போது 18.5, 26.1 என்ற எண்களை மறுபடி பாருங்கள். வடிவமைத்தவரின் மேஜையில் சட்டப் புத்தகமும் இருந்தது தெரிகிறதா? நம் நாட்டு 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் லைசென்ஸ் தரும்போது 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் என்று சொல்கிறது. பயிர்க் காவலுக்கு அது முதலில் சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை. ஆக, மாமா கேள்விப்பட்ட துப்பாக்கி அந்தப் பிரிவுக்குள்ளேயே வராது. தேர்தல் வந்தால் இருக்கிற துப்பாக்கியையே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வரும் ஊர் இது.

துப்பாக்கி இருப்பதால் சுட்டுவிடலாம் என்பதும் இல்லை. காட்டு மாடு 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாட்டின்படிகூட, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுட இடமுண்டு. அதையும் வனத்துறைதான் செய்யும். காட்டை ஒட்டியே இருக்கும் தோட்டக்காரருக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை. நமக்கு வேலியும் விளக்கும் சத்தமும்தான் மிச்சம். அந்தத் துறையில் நல்ல பொறியாளர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

ராணுவங்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. கவச வண்டிக்குள்ளிருந்து குதிக்கும் வீரனுக்குக் குட்டை நீளம் உயிர்ப் பிரச்சினை. ஆஸ்திரியாவும் பிரான்சும் 1970-களில் புல்பப் பக்கம் போயின. நம் சிறப்புப் படைகள் 2000-களில் இஸ்ரேலின் டேவரை வாங்கின. பிறகு பிரான்ஸ் 2016-இல் சாதாரண அமைப்புள்ள ஜெர்மன் ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. சீனாவும் 2019-இல் புல்பப்பை விட்டு வெளியே வந்த ரைபிளை அணிவகுப்பில் காட்டியது. நாற்பது வருஷம் கழித்து அந்த "வெறும் மரம்" திரும்பி வந்திருக்கிறது, இப்போது இழுத்துச் சுருக்கும் கட்டையாக.

என் தொழிலிலும் இதே கதைதான். சரிவில் நின்று களை வெட்டுபவருக்கு நீளத் தண்டு இடைஞ்சல் என்று எல்லோரும் குட்டையாக்கச் சொல்கிறார்கள். குட்டையாக்கினால் பிளேடு காலுக்குக் கிட்டே வரும், புகை மூக்குக்குக் கிட்டே வரும். அடுக்கத்துப் பெண்கள் நாலு பேர் ஒரு சீசன் முழுக்க என் இயந்திரத்தைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் தண்டின் நீளத்தை முடிவு செய்தோம். கைப்பிடி மூன்று துளைகளில் மாறும். அந்த மூன்று துளைக்கு ஆன செலவைப் பற்றி எங்கள் கணக்குப் பிரிவு இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.

கடைசி வருஷ மாணவர்களில் யாருக்காவது இடதுகைக்காரர்களுக்கான ஆக்ஸிலேட்டர் பிடி ஒன்றை புராஜெக்டாக எடுக்க விருப்பம் இருந்தால் கோயம்புத்தூருக்கு வாருங்கள். சோதித்துப் பார்க்கும் ஆள் நானே. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று ஃபவுண்ட்ரியிலிருந்து வார்ப்பு வரும்.