பாரிமுனையும் பாரத் கட்டடமும்



சென்னையில் நடத்துநர் ‘பாரிஸ், பாரிஸ்’ என்று கூவினால் பிரான்ஸுக்குப் போகிற பேருந்து அல்ல அது. 1788இல் இங்கே வந்து வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர்தான் அப்படித் தேய்ந்து கிடக்கிறது. அவர் 1824இல் காலமானார். இன்று பாரிமுனையில் நிற்பது 1940இல் எழுந்த டேர் ஹவுஸ். முதலாளிகளும் மாறிவிட்டார்கள். பக்கத்திலேயே உயர் நீதிமன்றம், சற்றுத் தள்ளிக் கோட்டை. இருந்தும் இடத்துக்குப் பெயர் தந்தது ஒரு கம்பெனி! எனக்கு இதில் வியப்பில்லை. வழக்கு இருந்தால்தான் நீதிமன்றப் படி ஏறுவோம். கடைக்கு நுழையக் காரணமே வேண்டாம்.

அந்த முனையிலிருந்து உள்ளே திரும்பினால் கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கடைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு படிதான். மீன்பாடி வண்டியில் துணி மூட்டை வரும். வழிவிட ஒதுங்குகிறவர் அடுத்த கடைக்குள் நிற்பார். நின்றவரிடம் கடைக்காரர் விலை சொல்லத் தொடங்கிவிடுவார். நெரிசலை நாம் திட்டுகிறோம். அந்தத் தெருக்களின் வியாபாரமே அதில்தான் ஓடுகிறது.

மவுண்ட் ரோடு வேறு ஜாதி. குதிரை வண்டியில் வருகிறவருக்காகக் கட்டிய கடைகள் அங்கே. வண்டி வந்து நிற்க முகமண்டபம், உயர்ந்த கூரை, பெரிய முற்றம். பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை, ஸ்பென்சர், ஹிக்கின்பாதம்ஸ் எல்லாம் அந்த வகை. பழைய ஸ்பென்சர் தீயில் போயிற்று; அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. பெயர் பிழைத்துக்கொண்டது.

நான் சொல்ல வந்தது அங்கே உள்ள இரண்டு கட்டடங்களைப் பற்றி. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் 1904இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகை போன்ற தரை. செருப்போடு மிதிக்கக் கூச்சமாக இருக்கும். மிதிக்கத்தான் போட்டார்கள். புத்தகம் விற்கிறார்கள், அதனால் கூரை ஒழுகினால் அன்றைக்கே தெரியும்.

இன்னொன்று பாரத் கட்டடம். 1897இல் ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காக எழுந்தது. பிறகு பாரத் இன்சூரன்ஸ் கைக்குப் போய், 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010இல் தீர்ப்பு கட்டடத்தின் பக்கம் வந்தது. நல்ல தீர்ப்புதான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் இடிக்காதே என்றுதான் நீதிமன்றம் சொல்லலாம். வந்து கடை போடு என்று யாருக்கு உத்தரவிடும்? நான் கடைசியாகப் பார்த்தபோது சுவர் வெடிப்பில் செடி முளைத்திருந்தது. ஒழுகுவதைக் கவனிக்க உள்ளே ஆள் இல்லை.

எதிர்ச்சாரியில் பேருந்துக்கு நின்ற ஓர் இளைஞரிடம், ‘தம்பி, அது என்ன கட்டடம்?’ என்று கேட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, ‘ஏதோ பழைய பங்களா சார்’ என்றார்.